வாய் திறக்காத பிள்ளையும் பார்க்கிங் கிடைக்காத அப்பாவும்

"இந்தப் பிள்ளைய ஒரே வாரத்துல சாப்பிட வைக்கலன்னா என் பேரு எல்வின் இல்ல!"

இதைச் சொன்னபோது அவன் மூக்குக் கண்ணாடியில் பூசணிக்காய்க் கூழ் வழிந்துகொண்டிருந்தது. அதனால் சபதத்துக்கு இருக்க வேண்டிய கம்பீரம் கொஞ்சம் குறைந்துபோனது.

எல்வின் தன் பெயரைப் பணயம் வைப்பது புதிதல்ல. சமையலறைக் குழாயைத் தானே சரிசெய்கிறேன் என்று ஒருமுறை வைத்தான். அன்று வாசல் வரை தண்ணீர் வந்தது. தொப்பையைக் குறைத்துக் காட்டுகிறேன் என்று ஒருமுறை வைத்தான். அந்த மாதம் பெல்ட்டைத் தளர்த்தப் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. நியாயமாகப் பார்த்தால் இதற்குள் அவனுக்குப் பெயரே மிஞ்சியிருக்கக் கூடாது. ஆனாலும் அவன் மனைவி ஜோஆன் பெரிய மனது பண்ணி, அவனை இன்னும் எல்வினாகவே வைத்திருந்தாள்.

சபதத்துக்குக் காரணமான எட்டு மாத அபிகெயில் உயர நாற்காலியில் உட்கார்ந்து அப்பாவை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் மூடியே இருந்தது.

அபிக்குத் தாய்ப்பால் ஒன்றுதான் சாப்பாடு. மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான். ஆறு மாதம் முடிந்ததும் கிளினிக்கில் நர்ஸ், "இனிமே கொஞ்சம் கொஞ்சமா கஞ்சி, காய், பழமெல்லாம் கொடுங்க" என்றார். அதை அவர் ஜோஆனிடம் சொன்னார், அபியிடம் சொல்லவில்லை. அன்று தொடங்கியது வம்பு. கரண்டி கிட்டே வந்தால் உதடு இறுகும். மீறி உள்ளே போனது, போன வேகத்தில் திரும்பி வரும். புட்டிப் பாலுக்கும் அதே மரியாதைதான்.

எல்வினுக்குப் பத்து பகாட் ஊரில் ஒரு துணித் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. தைத்த சட்டைகளை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பான். தையல் கொஞ்சம் கோணினாலும் 'ரிஜெக்ட்' என்று தூக்கிப் போடுவான். மகளும் வீட்டில் அதே வேலையைத்தான் பார்த்தாள். அவளுடைய பிரிவில் இதுவரை எதுவும் பாஸாகவில்லை.

சிரிக்க முடியாத விஷயம் ஒன்றும் இதில் இருந்தது. ஜோஆனின் சம்பளமில்லாத லீவு முடியப்போகிறது. வருகிற திங்களுக்கு அடுத்த திங்கள் அவள் ஆபீஸ் போயாக வேண்டும். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அடுத்த வீட்டு கிருஷ்ணம்மா ஒத்துக்கொண்டிருந்தார். ஆனால் ஒரு கேள்வி கேட்டார். "சாப்பிடாத பிள்ளைய வெச்சிக்கிட்டு நான் என்னம்மா பண்றது? பாலுக்கு அழுதா, இந்த வயசுல நானா கொடுக்க முடியும்?" நியாயமான கேள்வி.

"உனக்கு முறை தெரியல ஜோ," என்றான் எல்வின், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "உன்னைப் பார்த்தா பிள்ளைக்குப் பால் ஞாபகம்தான் வரும். நான் ஊட்டுனா சாப்பிடும். எல்லாத்துக்கும் ஒரு சிஸ்டம் இருக்கு லா."

"அப்ப நீங்களே ஊட்டுங்க."

"ஊட்டுறேன். ஒரு வாரம். சாயங்காலச் சாப்பாடு என் பொறுப்பு."

"சாப்பிடலன்னா?"

"சாப்பிட்டா எனக்கு என்ன தருவ, அத முதல்ல சொல்லு!"

"சரி, சாப்பிட்டா என்ன வேணும்?"

எல்வின் தொண்டையைச் செருமிக்கொண்டான். அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்வதற்கு முன் அவனுடைய ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

ஞாயிறு காலை சர்ச்சில் தமிழ்ப் பூசை. எல்வின் கோயில் வாசலில் மனைவியையும் பிள்ளையையும் இறக்கிவிடுவான். "நீங்க உள்ள போங்க. நான் பார்க்கிங் பார்த்துட்டு வந்துடறேன்" என்பான். பார்க்கிங் இரண்டு தெரு தள்ளி ஒரு ரொட்டி சானாய் கடை வாசலில் கிடைக்கும். கடைக்குள்ளே அவன் நண்பன் பெர்னார்ட் ஏற்கெனவே பார்க்கிங் பார்த்துக்கொண்டிருப்பான். இருவரும் ரொட்டியும் தே தாரிக் டீயுமாக மெல்லப் பார்க்கிங் பார்ப்பார்கள். பூசை முடிந்து மணி அடிக்கும் நேரத்துக்கு எல்வின் சட்டையில் பருப்புக் குழம்பு வாசனையோடு வந்து சேருவான். "இன்னைக்குப் பார்க்கிங் ரொம்ப சூசா லா, சுத்திச் சுத்தி இடமே கிடைக்கல" என்பான்.

"எங்க பார்க் பண்ணீங்க?" என்று ஜோஆன் வாராவாரம் கேட்பாள். எல்வினும் வாராவாரம் ஒரு தெருவின் பெயரைச் சொல்வான். கொஞ்ச நாளாக அவனுக்குத் தெருக்கள் தீர்ந்துகொண்டு வந்தன.

"சாப்பிட்டா," என்றான் எல்வின், "கார் எங்க பார்க் பண்ணேன்னு இனிமே இந்த வீட்டுல யாரும் யாரையும் கேக்கக் கூடாது. ஜென்மத்துக்கும்."

"சாப்பிடலன்னா, அபி புதுநன்மை வாங்குற வரைக்கும் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நீங்க என்கூட முதல் பெஞ்சில உக்காரணும்."

"புதுநன்மையா? முதல் அப்பம் வாங்கப் பிள்ளைக்குப் பத்து வயசாகணுமே!"

"ஏன், பிள்ளை சாப்பிடாதுன்னு பயமா இருக்கா?"

"பயமா? எனக்கா? போடு கையை!"

ஜோஆன் உடனே கையைப் போட்டாள். போட்டுவிட்டு, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் கழுவப் போனாள். ஒரு மனைவி இவ்வளவு சுலபமாகப் பந்தயத்துக்கு ஒத்துக்கொண்டால் எந்தக் கணவனும் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். எல்வின் கைப்பேசியில் வீடியோ தேடப் போய்விட்டான்.

முதல் நாள் சாயங்காலம் கரண்டி விமானமானது. செனாய் விமான நிலையத்திலிருந்து புறப்பட்டது, கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றியது, எல்வினின் வாயே இன்ஜினாக உறுமியது. அபி வாயைப் பிளந்து பார்த்தாள், விமானம் பக்கத்தில் வந்ததும் மூடிக்கொண்டாள். விமானம் மூக்கில் இறங்கியது.

மறுநாள் வேறு உத்தி. பிள்ளை பார்த்துப் பழகட்டும் என்று அவனே சாப்பிட்டுக் காட்டினான். "ம்ம்ம்... ஆகா... என்ன ருசி!" உப்பில்லாத பூசணிக்காய்க் கஞ்சி அது. ஒரு கிண்ணம் முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு ரசித்துச் சாப்பிட்டான். அபி அவன் சாப்பிடுவதை அக்கறையோடு பார்த்தாள். கிண்ணம் காலியானதும் கை தட்டினாள்.

"சபாஷ்," என்றாள் ஜோஆன். "ஒரு பிள்ளை ஒழுங்கா சாப்பிட்டிருச்சி. இன்னொண்ணு?"

அதற்கடுத்த நாள் எல்வின் ஜோஆனின் பூப்போட்ட நைட்டியைப் போட்டுக்கொண்டான். அம்மாதான் ஊட்டுகிறாள் என்று பிள்ளை ஏமாந்துவிடும் என்பது கணக்கு. கணக்கு தப்பவில்லை. அபி நைட்டியை நம்பினாள், முழுசாக நம்பினாள். கரண்டியைத் தட்டிவிட்டு அப்பாவின் மார்பில் பாய்ந்து பொத்தானைத் தேடினாள். தேடியது கிடைக்கவில்லை என்றதும் அவள் போட்ட சத்தத்தில், வாசலில் யாரோ வந்து நின்றது எல்வினுக்குக் கேட்கவில்லை.

வந்தது பெர்னார்ட்டின் மனைவி டொரத்தி. ஜோஆனிடம் வாங்கிப்போன இட்லித் தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள். தட்டோடு அப்படியே நின்றாள்.

"என்ன எல்வின்... புதுசா இருக்கு?"

"தையல் செக் பண்றேன்," என்றான் எல்வின். "எங்க லைன்ல இப்ப நைட்டியும் வருது."

"நல்லா இருக்கு. பெர்னார்ட்டுக்கும் ஒண்ணு சொல்லி வைங்க."

டொரத்தியும் ஜோஆனும் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் சிரித்தார்கள். நைட்டிக்காகத்தான் சிரிக்கிறார்கள் என்று எல்வின் நினைத்துக்கொண்டான்.

வாரம் போய்க்கொண்டே இருந்தது. வாழைப்பழம் சுவரில் ஒட்டியது. அவித்த காரட் மின்விசிறி வரை போனது. ஒரு வாய்கூட அபிக்குள் போகவில்லை. ஃபிரிட்ஜில் இருந்த பூசணிக்காய் மட்டும் அவன் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் குறைந்துகொண்டு வந்தது. சிந்துவதுதான் அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். தொழிற்சாலையில் ஒரு நூல் பிசிறைக்கூட விடாத கண் அது. வீட்டுக்கு வந்தால் அதற்கும் ஓய்வு வேண்டாமா?

சனிக்கிழமை சாயங்காலம் அபி அவன் தோளில் தூங்கிப்போனாள். அவன் விரல் ஒன்றை இறுகப் பிடித்துக்கொண்டே தூங்கினாள். கதவில் ஜோஆனின் ஆபீஸ் சட்டை இஸ்திரி போட்டுத் தொங்கியது. அதைப் பார்த்ததும் எல்வினுக்கு நெஞ்சு கனத்தது. இந்தப் பிள்ளையைப் பசியோடு யார் வீட்டில் விடுவது? பந்தயத்தில் தோற்றால் தோற்றுப் போகிறோம், இது ஒரு வாய் சாப்பிட்டால் போதும் என்று இருந்தது. நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. பிறகு முதல் பெஞ்சும் பத்து வருஷமும் ஞாபகம் வந்ததும், இரண்டும் நடந்தால் இன்னும் நல்லது என்று தோன்றியது.

ஞாயிறு காலை கோயில் வாசலில் கார் நின்றது. எல்வின் வழக்கமான வசனத்துக்கு வாயெடுத்தான். அதற்குள் ஜோஆன் பிள்ளையை அவன் மடியில் வைத்தாள்.

"இன்னைக்குப் பாடகர் குழுவுல எனக்குப் பாட்டு இருக்கு. பிள்ளைய நீங்க வெச்சிக்குங்க."

"அப்ப பார்க்கிங்?"

"அதோ மரத்தடியில எத்தனை இடம் காலியா கிடக்கு பாருங்க. இத்தனை நாளா உங்க கண்ணுக்குப் படவே இல்லையா?"

எல்வின் மரத்தடியில் காரை விட்டுவிட்டுப் பிள்ளையோடு உள்ளே போய் உட்கார்ந்தான். பிரசங்கம் நடந்தபோது அவன் மனம் இரண்டு தெரு தள்ளி ரொட்டிக் கல்லின் பக்கத்தில் இருந்தது.

நன்மை வாங்கும் நேரம் வந்தது. எல்வின் நன்மை வாங்கி வெகுகாலம் ஆயிற்று. பாதரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் அப்பத்துக்குக் கை நீட்டும் அளவுக்கு அவன் துணிந்தவன் அல்ல. பிள்ளைக்கு ஆசீர்வாதம் மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்று வரிசையில் நின்றான். அவனுக்கு முன்னால் டொரத்தி நின்றாள்.

பாதர் அப்பத்தை இரண்டு விரலால் எடுத்தார். டொரத்தியின் முகத்துக்கு நேராக உயர்த்தினார். "கிறிஸ்துவின் திருவுடல்" என்றார். காத்திருந்தார்.

"ஆமென்" என்று டொரத்தி வாயைத் திறந்தாள். எல்வின் கையிலிருந்த அபியும் திறந்தாள்.

சும்மா திறக்கவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை உயர்த்தி, உள்நாக்கு தெரியும்படி, "ஆ..." என்று திறந்தாள். ஒரு வாரமாக விமானத்துக்கும் நைட்டிக்கும் திறக்காத வாய், யாரும் கேட்காமலே திறந்து நின்றது.

"என்ன அபி, இன்னைக்கும் பசியா?" என்று பாதர் சிரித்தார். தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார்.

அந்த 'இன்னைக்கும்' எல்வின் காதில் விழவில்லை. அவன் மூளை அதற்குள் வேகமாக ஓடத் தொடங்கியிருந்தது. பாதர் கரண்டி எடுக்கவில்லை. விமானம் ஓட்டவில்லை. யாரையும் கெஞ்சவில்லை. இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார், இன்னது என்று சொன்னார், பேசாமல் காத்திருந்தார். வாயைத் திறப்பது வந்தவர் பாடு!

அன்று மதியம் வீட்டில் அவன் ஒரு துண்டு பூசணிக்காயைக் குழைய அவித்தான். அபியை நாற்காலியில் உட்கார வைத்தான். முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு நேராக நின்றான். சட்டையின் தையல் பார்க்கும் அதே இரண்டு விரலால் துண்டை உயர்த்தினான். கோயில் வார்த்தையை வீட்டில் சொன்னால் பாவம் என்று பயம். அதனால் கையில் இருந்ததையே சொன்னான்.

"பூசணிக்காய்."

காத்திருந்தான்.

அபி நிமிர்ந்து பார்த்தாள். "ஆ..."

உள்ளே போனது. திரும்பி வரவில்லை. மென்றாள், விழுங்கினாள், மறுபடியும் திறந்தாள்.

"காரட்," என்றான் எல்வின்.

"ஆ..."

"அலமாக்!" என்று ஜோஆன் கன்னத்தில் கை வைத்தாள். "எப்படிங்க இது? இத்தனை நாள் நான் எவ்வளவு பாடுபட்டேன்!"

எல்வினுக்குக் கண்ணில் நீர் தளும்பியது. அதைத் துடைத்துக்கொண்டு, "சிஸ்டம்," என்றான்.

"வீடியோ எடுத்து ஃபேமிலி குரூப்புல போடுங்க. எல்லாருக்கும் தெரியட்டும்."

எல்வின் எடுத்தான். பிள்ளை வாங்கிக்கொள்வதைக் காட்டிவிட்டுக் கேமராவைத் தன் முகத்துக்குத் திருப்பினான். "அபிக்கு அப்பா கைதான் ராசி. நான் தூக்கிட்டுப் போனதாலதான் பிள்ளை பார்த்துக் கத்துக்கிட்டா. அம்மா தூக்கினா வாயே தொறக்காது!"

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க," என்றாள் ஜோஆன். "எங்க அம்மாவுக்குக் காது சரியா கேக்காது."

சத்தமாகவே சொன்னான்.

"பந்தயத்துல நீங்கதாங்க ஜெயிச்சீங்க," என்றாள் ஜோஆன். "பேச்சு பேச்சுதான். கார் எங்க பார்க் பண்ணதுன்னு இனிமே இந்த வீட்டுல யாரும் யாரையும் கேக்க மாட்டோம்."

எல்வின் உடனே பெர்னார்ட்டுக்குப் போன் செய்தான். அடுத்த ஞாயிறு ஆளுக்கொரு முட்டை ரொட்டி, சாவகாசமாக, மணி அடித்த பிறகும் உட்கார்ந்திருக்கலாம் என்றான்.

திங்கட்கிழமை ஜோஆன் ஆபீஸ் போனாள். மதியம் கிருஷ்ணம்மா வீட்டிலிருந்து "பூசணிக்காய்!" என்று கணீரென்று ஒரு குரல் கேட்டதாகத் தெருவில் சொன்னார்கள். எல்லாம் நல்லபடியாக நடந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அபி பப்பாளிக்கு முன்னேறியிருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் ஜோஆன் நல்ல சேலை கட்டிக்கொண்டு, "டொரத்தியோட கொஞ்சம் வெளிய போயிட்டு வந்துடறேன்" என்று கிளம்பியபோதுகூட எல்வின் எங்கே என்று கேட்கவில்லை. அந்த வீட்டில் இப்போது அப்படிப்பட்ட கேள்விகளே கிடையாது.

ஞாயிறு காலை. கோயில் வாசலில் எல்வின் காரை நிறுத்தினான். உதட்டில் சிரிப்போடு, "நீங்க உள்ள போங்க..." என்று ஆரம்பித்தான்.

ஜோஆன் இறங்கினாள். ஆனால் கோயில் பக்கம் போகவில்லை. காரைச் சுற்றி வந்து அவன் பக்கக் கதவைத் திறந்தாள்.

"இறங்குங்க."

"எதுக்கு?"

"பிள்ளைய வரிசையில தூக்கிட்டுப் போக வேணாமா? வாராவாரம் பார்த்தாத்தானே ஞாபகம் இருக்கும்."

"அத நீ தூக்கிட்டுப் போயேன்!"

"நான் தூக்கினாத்தான் வாயே தொறக்காதே. நீங்கதானே சொன்னீங்க? எங்க அம்மா அந்த வீடியோவ பாதருக்கே அனுப்பிட்டாங்க."

அந்த நேரம் பார்த்து டொரத்தி படியிறங்கி வந்தாள். "யார் சொன்னது? போன மாசம் பூரா ஜோஆன் தூக்கிட்டு நின்னப்பவே அபி வாயத் தொறந்துச்சே. கோயில்ல எல்லாருக்கும் தெரியுமே," என்றாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஓ, நீங்க பார்க்கிங்ல இருந்தீங்கல்ல."

எல்வின் மெல்ல மனைவி பக்கம் திரும்பினான். "போன மாசமே உனக்குத் தெரியுமா?"

"தெரியாமயா மத்தியானத்துல அப்படி ஊட்டுனேன்?"

"மத்தியானமா?"

"மத்தியானம் ஒரு தடவை, நீங்க வேலை முடிஞ்சி வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை. வயிறு ரொம்புன பிள்ளை உங்க பிளேனுக்கு எங்கங்க இடம் கொடுக்கும்?"

குறைந்துபோன பூசணிக்காய் எல்வின் கண்முன் வந்து நின்றது. "அப்ப... நான் தோத்திருந்தா?"

"முதல் பெஞ்சு."

"ஜெயிச்சா?"

"வரிசை. உள்ள போங்க, முதல் பெஞ்சில பெர்னார்ட் உங்களுக்கு இடம் போட்டு வெச்சிருக்காரு."

எல்வின் இறங்கி எட்டிப் பார்த்தான். திறந்திருந்த கதவு வழியாக முதல் பெஞ்சில் பெர்னார்ட்டின் முதுகு தெரிந்தது. அது ஒரு சந்தோஷமான முதுகாகத் தெரியவில்லை.

"நீ பூசைக்கு வரலையா?" என்றான் கடைசி நம்பிக்கையோடு.

"நானும் டொரத்தியும் நேத்து சாயங்காலமே இங்கிலீஷ் பூசை பார்த்துட்டோம். அதுவும் ஞாயிறு கணக்குதான்."

ஜோஆன் பிள்ளையை அவன் கையில் கொடுத்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டாள். டொரத்தி பக்கத்தில் ஏறிக்கொண்டாள். ஜன்னல் இறங்கியது.

"நீங்க உள்ள போங்க. நான் பார்க்கிங் பார்த்துட்டு வந்துடறேன்."

மரத்தடியில் காலியாகக் கிடந்த இடங்களையெல்லாம் தாண்டிக் கார் நிதானமாகப் போய்த் தெருமுனையில் திரும்பியது.

பூசை முடிந்து மணி அடித்த பிறகும் வெகுநேரம் எல்வின் பிள்ளையோடு வாசலில் நின்றான். அபி அன்றும் தவறாமல் வாயைத் திறந்திருந்தாள். பாதர் அவன் முதுகில் தட்டி, "அடுத்த ஞாயிறு பார்ப்போம்" என்றும் சொல்லிவிட்டார்.

ஒருவழியாகக் கார் வந்து நின்றது. கதவைத் திறந்ததும் பருப்புக் குழம்பு வாசனை குப்பென்று அடித்தது. ஜோஆன் உதட்டோரத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னைக்குப் பார்க்கிங் ரொம்ப சூசாங்க."

"எங்க பார்க் பண்ண?" என்றான் எல்வின்.

"அத இந்த வீட்டுல யாரும் யாரையும் கேக்கக் கூடாதுன்னு பந்தயத்துல ஜெயிச்சது நீங்கதாங்க."